பனி பெய்யாத ஊரில் ஒரு வாளி கூலண்ட்

"தம்பி, இதை எங்க ஊத்தட்டும்?"

எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் கையில் வாளியோடு நின்றார். வாளியில் இரண்டரை லிட்டர் திரவம். ஒரு காலத்தில் பளிச்சென்று பச்சையாக இருந்திருக்கும். இப்போது பாசி பிடித்த குளத்தில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நான் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"சாக்கடைலயே ஊத்திரவா?"

"ஊத்திடுங்கண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் தெருநாய் ஒன்று வாளி விளிம்பில் மூக்கை வைத்துவிட்டது. அவர் காலால் ஒதுக்கி விரட்டினார். அது இரண்டடி பின்னால் போய், மறுபடியும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றது. "இனிப்பா இருக்குமோ என்னமோ, போகமாட்டேங்குது பாருங்க" என்றார் அண்ணன். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் மிகச் சரியாகச் சொன்னார்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போன பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். என் பழைய சின்ன காரின் ரேடியேட்டரில், மேல்பக்கத்து பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டிருந்தது. புது ரேடியேட்டர் வாங்கி நானே மாட்டுவது என்று முடிவெடுத்தேன். நாலு போல்ட், மூன்று ஹோஸ், ஒரு ஃபேன். கல்லூரியில் வெப்ப இயக்கவியலில் அரியர் வைத்தவனுக்கு இதுவொரு பாவமன்னிப்பு. ரேடியேட்டரை மாற்றும்போது உள்ளே இருக்கும் பழைய திரவத்தையும் முழுதாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். ஒர்க்‌ஷாப் மொழியில் இதற்கு ஃப்ளஷ் பண்ணுவது என்று பெயர்.

புதிதாக வாங்கிய கூலண்ட் கேனில் பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. சரிபாதி தண்ணீருடன் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நான் இருப்பது சென்னையில். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வெளியே வந்துவிடும் ஊர். இந்த ஊர்க் காருக்குள் பனியோடு சண்டை போடும் திரவம் எதற்கு? வேலை முடிந்த பிறகு அதை எங்கே ஊற்றுவது? ஒரே காலையில் இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில் தேடப்போய்த்தான் இரண்டாவது எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

தாகம்

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மீதி எஞ்சினின் உலோகத்திலேயே இறங்கிவிடுகிறது. அதை எடுத்துக் காற்றில் விடாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். நம் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆயிருச்சு' என்பது இதைத்தான்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இதற்கு மிக எளிய வழி ஒன்று இருந்தது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர். சூடானால் கொதிக்கும், ஆவியாகிப் போகும், தீர்ந்தால் ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுப்பில் வைத்த உலைப்பானையும் அதுவும் ஒன்றுதான்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைமிலிருந்த தன் தாய்வீட்டுக்கு இந்த வண்டியை ஓட்டிப்போனார். சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்ததும், வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதும் எல்லாரும் சொல்லும் கதைகள். அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வழியெல்லாம் கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டேதான் அந்தப் பயணம் நடந்தது. எரிபொருளைவிடத் தண்ணீருக்காகத்தான் அந்த வண்டி அதிகம் நின்றிருக்க வேண்டும்.

இந்தக் காட்சி நமக்கும் அந்நியமில்லை. மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும் லாரி ஓரமாக நிற்க, முன்னால் ஆவி பறக்க, கிளீனர் பையன் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுத்தண்ணீருக்கு ஓடுவதைப் பார்த்த கடைசித் தலைமுறை நாங்களாக இருக்கலாம். கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தொட்டி என்று ஒரு காலம் இருந்தது.

தேன்கூடு

கொதித்துப்போகும் தண்ணீரை வீணாக்காமல், ஆற வைத்துத் திரும்பவும் எஞ்சினுக்கே அனுப்பினால் என்ன? இந்த யோசனைக்கு உருப்படியான வடிவம் கொடுத்தவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மைபாக். பிரான்ஸின் நீஸ் நகரில் வசித்த எமில் யெல்லினெக் என்ற வணிகர் வேகமான கார் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருக்காகச் செய்யப்பட்ட 35 குதிரைத்திறன் கார் 1900-இன் கடைசியில் தயாரானது. யெல்லினெக்கின் மகள் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்: மெர்சிடிஸ்.

அந்தக் காரின் முகப்பில் இருந்தது தேன்கூட்டு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. குழாய்களின் உள்ளே காற்று போகும். குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்குகளில் தண்ணீர் ஓடும். தண்ணீரைக் காற்றுக்கு முன்னால் முடிந்தவரை மெல்லிசாக விரித்துக் காட்டுவதுதான் தந்திரம். சூடான காபியை நாம் டவராவில் ஊற்றி ஆற்றுவதும் இதே தந்திரம்தான். முன்பு தேவைப்பட்டதில் பாதி, 9 லிட்டர் தண்ணீர், போதுமானதாகிவிட்டது. என் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் பார்த்த அலுமினிய ரேடியேட்டர், 120 வருடங்களுக்கு மேலாகியும், அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைதான்.

தண்ணீர் இப்போது ஒரு சுற்றுக்குள் அடைபட்டுவிட்டது. போனால் போகட்டும் என்று ஓடை நீரை ஊற்றும் காலம் முடிந்தது. உள்ளே போன தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் அதன் மற்ற குணங்கள் வெளியே வந்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் முதலில் வந்து நின்றது பனிக்காலம்.

உறையும் தண்ணீர், பறக்கும் சாராயம்

தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு எஞ்சினின் உள் அறைகளில் அது உறைந்தால் இரும்பே பிளந்துவிடும். ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி கார்களாக ஓடியது. அதன் பெரும்பாலான வருடங்களில் வாட்டர் பம்ப்கூடக் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டுவிட்டார்கள். குளிர்கால இரவுகளில் அதன் சொந்தக்காரர்கள் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டுத் தூங்கப்போவார்கள். காலையில் வெந்நீர் ஊற்றிக் கிளப்புவார்கள்.

தினமும் யாரால் முடியும்? எதையெதையோ கலந்து பார்த்தார்கள். உப்புக் கரைசல் உறையவில்லை, ஆனால் உலோகத்தைத் தின்றது. தேனும் சர்க்கரைப்பாகும்கூட முயற்சி செய்யப்பட்டன. மெத்தனால், எத்தனால் என்ற சாராய வகைகள் நன்றாகவே வேலை செய்தன. ஒரே குறை, மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கும். எஞ்சின் சூடாகச் சூடாகச் சாராயம் பறந்துவிடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. அடுத்த கடும்பனி இரவில்தான் தெரியும்.

இதற்குத் தீர்வாக வந்த பொருள் காரைவிட வயதில் மூத்தது. 1856-இல் பாரிஸில் ஷார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ் என்ற வேதியியலாளர் புதிய திரவம் ஒன்றைத் தயாரித்தார். அதன் குணங்கள் கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவில் இருந்தன. ஆகவே இரண்டு பெயரிலும் பாதிப்பாதி எடுத்து 'கிளைகோல்' என்று பெயர் வைத்தார். கிளிசரின் என்ற சொல்லுக்கு வேர், இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பெயரிலேயே இனிப்பு ஒட்டிக்கொண்டது. நாக்கிலும் அது இனிப்புத்தான்.

அறுபது வருடங்களுக்கு அந்தத் திரவத்துக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கான கிளிசரினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் அதற்கு மாற்றாகக் கிளைகோலை இறக்கினார்கள். 1920களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அது கார்களுக்கான உறைதடுப்பானாகக் கடைக்கு வந்தது. விற்ற நிறுவனம் நேஷனல் கார்பன். அதன் தாய் நிறுவனம் யூனியன் கார்பைடு. ஆம், நமக்கு போபால் என்ற ஊரோடு சேர்த்து மட்டுமே நினைவிருக்கும் அதே யூனியன் கார்பைடு.

எத்திலீன் கிளைகோல் 197 டிகிரியில்தான் கொதிக்கும். எஞ்சின் சூட்டில் பறக்காது. இன்னொரு விந்தையும் உண்டு. சுத்தமான கிளைகோல் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் பூஜ்ஜியத்தில். இரண்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். இரண்டு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று வரிசையாகப் படிகமாக விடாமல் கெடுத்துக்கொள்கின்றன. என் கேனில் இருந்த வாக்குறுதி இதுதான்.

அப்படியானால் சென்னைக்கு ஏன்?

முதல் காரணம் கொதிநிலை. இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் விமானக்காரர்கள். கூலண்ட் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறதோ அவ்வளவு சின்ன ரேடியேட்டர் போதும். சின்ன ரேடியேட்டர் என்றால் காற்றில் தடை குறைவு, வேகம் அதிகம். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சின்கள் ஆரம்பத்தில் சுத்தமான கிளைகோலில் ஓடின, பிறகு தண்ணீர் கலந்து அழுத்தத்தில் ஓட்டினார்கள். விலையும் இருந்தது. ரேடியேட்டரில் ஒரு குண்டு பாய்ந்தால் வெள்ளைப் புகையாகக் கிளைகோல் வெளியேறும். விமானிக்கு அதன்பிறகு சில நிமிடங்கள்தான்.

தரைக்கார்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தன. ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றினார்கள். பிரஷர் குக்கர் தத்துவம். வளிமண்டலத்துக்கு மேல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். கிளைகோல் பாதி சேர்ந்தால் இன்னும் மேலே போகும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று சொல்வது இதனால்தான். அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது மொத்தமும் பொங்கி முகத்துக்கு வரும்.

ஆனால் சூட்டைச் சுமப்பதில் கிளைகோலைவிடத் தண்ணீர்தான் கெட்டி. கிளைகோல் சேர்க்கச் சேர்க்க அந்தத் திறன் குறையத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தால் "போர் தண்ணிய ஊத்தி ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லும் பழைய மெக்கானிக் தப்பு சொல்லவில்லை. அவர் தொழில் கற்ற வண்டிகளில் வார்ப்பிரும்பு எஞ்சின், ஈயம் பற்றவைத்த பித்தளை ரேடியேட்டர். எல்லாமே தடிமன். துருப்பிடித்து ஓட்டை விழ வருடங்கள் ஆகும். விழுந்தாலும் பற்றவைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கார்கள் எடை குறைக்க ஆரம்பித்தன. எஞ்சினின் தலை அலுமினியம், பிறகு உடலும் அலுமினியம். ரேடியேட்டர் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. இரும்பு, அலுமினியம், செம்பு என்று வெவ்வேறு உலோகங்கள் உப்புள்ள தண்ணீரில் ஒன்றாக நனைந்தால் அதற்கு பேட்டரி என்று பெயர். அந்த பேட்டரியில் முதலில் கரைவது அலுமினியம். அதைத் தடுக்கக் கூலண்டுக்குள் அரிப்புத் தடுப்பான்கள் சேர்க்கிறார்கள். நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே இருக்கும் அந்தச் சேர்மானத்துக்காகத்தான் சென்னைக் கார் மொத்தக் கேனையும் குடிக்கிறது.

இங்கேதான் எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. எவருக்கோ எங்கேயோ வந்த சிக்கலுக்காக எழுதிய ஒரு நிரல்தொகுப்பு. பிறகு எல்லாமே அதை நம்பி எழுதப்படுகிறது. ஒருநாள் அந்தச் சிக்கலே இல்லாத இடத்தில் நிறுவினாலும் அது வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டெட்ராய்ட் பனிக்காக வந்த திரவம் இருக்கும் என்று நம்பித்தான் என் எஞ்சினின் உலோகத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தடுப்பான்களுக்கும் ஊர் உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளில் தண்ணீர் உப்புத்தண்ணீர். பாஸ்பேட் சேர்த்தால் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். ஆகவே அவர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் சேர்த்தார்கள். ஜப்பானியர்களுக்கு சிலிகேட் பிடிக்கவில்லை, வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்று அதை விலக்கி பாஸ்பேட் வைத்துக்கொண்டார்கள். 1990களில் கரிம அமிலங்களை வைத்து நீண்டநாள் உழைக்கும் வகை வந்தது. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்பதெல்லாம் சாயம்தான். எந்த நிறத்துக்குள் எந்த வேதியியல் என்று உலகப்பொது விதி கிடையாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதைவிடக் காரின் கையேட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

தடுப்பான்கள் நாளடைவில் தீர்ந்துபோகும். கிளைகோலும் சூட்டில் மெல்லச் சிதைந்து அமிலமாகும். காப்பாற்ற ஊற்றிய திரவமே அரிக்க ஆரம்பிக்கும். இதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் வாளியில் இருந்த செங்கல் நிறம் அப்படி மாற்றாமல் விட்டதன் ரசீது.

கழுவும் கணக்கு

என் காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர். கீழ் ஹோஸைக் கழற்றினால் இரண்டரை லிட்டர்தான் இறங்குகிறது. மீதி ஒன்றரை லிட்டர் எஞ்சின் உள்ளறைகளிலும், டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரிலும் ஒளிந்துகொள்கிறது. புது ரேடியேட்டரை மாட்டிப் புதுக் கூலண்டை ஊற்றினால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய அழுக்கே இருக்கும்.

ஆகவே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட வேண்டும். எவ்வளவு நேரம்? தெர்மோஸ்டாட் திறக்கும்வரை. அதற்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு. 80 டிகிரி சொச்சத்தில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளும். அதுவரை எஞ்சின் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே வராது. மேல் ஹோஸைத் தொட்டால் திடீரென்று சூடாகும், அதுதான் அடையாளம். பிறகு முழுதாக ஆறவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

முதல் இறக்கலில் பழையது 37 சதவீதம் மிச்சம். ஒரு கழுவலுக்குப் பிறகு 14. இரண்டில் 5. மூன்றில் 2. அதற்குமேல் கழுவினால் தண்ணீருக்குத்தான் கேடு.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் கிட்டத்தட்ட விழுந்தேன். கடையில் 'ரெடி மிக்ஸ்' என்று ஏற்கெனவே பாதித் தண்ணீர் கலந்த கூலண்ட் கிடைக்கும். கழுவி முடித்ததும் அதை ஊற்றினால், உள்ளே ஒளிந்திருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு கலந்து 31 சதவீதத்துக்கு நீர்த்துவிடும். நம் ஊரில் உறையாதுதான், ஆனால் அரிப்புத் தடுப்பானும் அதே அளவு நீர்த்துப்போகும். கழுவினால் கலக்காத கூலண்ட்தான் வாங்க வேண்டும். 4 லிட்டரில் பாதி, அதாவது 2 லிட்டர், அதை முதலில் ஊற்றி, மிச்ச அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்.

கணக்கின் மறுபக்கத்தை நான் போடவில்லை. முதல் இறக்கல் ஒன்று, கழுவல் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டரை லிட்டர். மதியம் மூன்று மணிக்கு என் காலடியில் 10 லிட்டர் திரவம் இருந்தது.

இனிப்பு

நாய் போனபிறகுதான் கேனின் பின்பக்கத்தைப் படித்தேன். எத்திலீன் கிளைகோல் உடம்புக்குள் போனால் முதலில் போதை மாதிரிதான் இருக்கும். ஈரலிலுள்ள நொதி ஒன்று அதைப் படிப்படியாக அமிலங்களாக மாற்றும். கடைசியில் கிடைப்பது ஆக்சாலிக் அமிலம். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் இறங்கும். வளர்ந்த மனிதருக்கு 100 மில்லி அளவே உயிரைப் பறிக்கக்கூடியது. பூனைக்கு ஒரு டீஸ்பூன் போதும். விஷத்துக்கு முறிவாக மருத்துவர்கள் வெகுகாலம் கொடுத்தது சாராயம். அதே நொதி சாராயத்தையும் கையாள்வதால், அதைச் சாராயத்தில் மும்முரமாக்கிவிட்டால் கிளைகோல் மாறாமல் வெளியேறிவிடும். இதற்கென்றே ஃபோமெபிசோல் என்ற மருந்து அமெரிக்காவில் 1997-இல்தான் அனுமதி பெற்றது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் டைஎத்திலீன் கிளைகோல். அதுவும் இனிப்பு, அதுவும் விஷம். 1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபா மருந்தை அதில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். விஷம் விற்றதற்காக வழக்குப் போட அப்போது சட்டமில்லை. எலிக்சர் என்று பெயரிட்டிருந்தார்கள், எலிக்சரில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்று பெயர்க்குற்றம்தான் சாட்ட முடிந்தது. மறு வருடமே புதிய மருந்துச் சட்டம் வந்தது.

அங்கே சட்டம் வந்தது, பொருள் மற்ற ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் மதராஸில் குழந்தைகள் பலர். 1986-இல் பம்பாயில் 14 நோயாளிகள். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், இந்தோனேசியாவில் அதைவிட அதிகம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. இவர்களில் யாரும் கார் கூலண்டைக் குடிக்கவில்லை. மருந்தில் சேர்க்க வேண்டிய கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகோல் இருக்கவேண்டிய இடத்தில், பார்க்க அதே மாதிரி இருக்கும் ஆலைச்சரக்கு போய் உட்கார்ந்தது. பிசுபிசுப்பும் இனிப்பும் ஒன்றே. சோதித்துப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. நச்சு மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைகோலை வைத்தும் கூலண்ட் செய்கிறார்கள், விலைதான் கூட. கசப்பு சேர்ப்பது இன்னொரு வழி. 1958-இல் எடின்பரோவில் மரத்துப்போகும் மருந்துகளை ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்த டெனடோனியம், உலகின் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. 2012-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கடையில் விற்கும் கூலண்டில் அதைச் சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். பிரெஸ்டோன் வந்து 85 வருடங்களுக்குப் பிறகு.

என் கேனில் மைனஸ் 37 டிகிரி மூன்று இடத்தில் அச்சாகியிருந்தது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று ஒரு வரி. கசப்பு சேர்த்ததாக எதுவும் இல்லை. பழையதை என்ன செய்வது என்றும் இல்லை. பனிநாட்டுத் தீர்வு முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. அதோடு வந்திருக்க வேண்டிய பொறுப்பை வழியிலேயே இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

வாளி

கிளைகோலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும் என்று படித்தபோது சற்று நிம்மதியாக இருந்தது. அடுத்த வரியிலேயே அது போய்விட்டது. சிதைக்கும்போது அவை தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன்களுக்கு மிஞ்சாது. எஞ்சினிலிருந்து கரைந்து வந்த உலோகங்களோ எதிலும் சிதையாது. எங்கள் தெருச் சாக்கடை கால்வாயில் சேர்கிறது. கால்வாய் எங்கே போகிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்திலுள்ள மூன்று ஒர்க்‌ஷாப்களில் விசாரித்தேன். பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிப்போக ஆள் வருகிறார், அதற்கு விலை இருக்கிறது. கூலண்டுக்கு? ஒருவர் சிரித்தார். ஒருவர் தரையிலிருந்த ஜல்லடையைக் காட்டினார். மூன்றாவது கடையில் வயதான மெக்கானிக் ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நாப்பது வருசமா ஊத்திட்டிருக்கோம் தம்பி. இன்னைக்கு என்ன புதுசா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் இதற்கு முன் இரண்டு முறை இதே காருக்குக் கூலண்ட் மாற்றக் கொடுத்திருக்கிறேன். அது எங்கே போனது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போது அந்த 10 லிட்டரும் இரண்டு கேன்களில் என் பால்கனி மேல்பரணில் இருக்கிறது. மூடி இறுக்கி, மார்க்கரில் 'விஷம்' என்று எழுதியிருக்கிறேன். இது தீர்வு இல்லை, தள்ளிப்போடல்தான். அடுத்த முறை கழுவும்போது இன்னொரு 10 லிட்டர் சேரும். ஊரில் எத்தனை லட்சம் கார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருந்தபோது பானெட்டைத் திறந்து அளவு பார்த்தேன். உள்ளே இருந்த காற்றுக்குமிழ் வெளியேறி, மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. கொஞ்சம் ஊற்றினேன். தரையில் நாலு சொட்டு பச்சையாகச் சிந்தியது. வாட்ச்மேன் அண்ணன் நான் கேட்காமலே ஒரு முறம் மணலைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டினார். கூட்டி அள்ளினார். அள்ளிய மணலோடு என் பக்கம் திரும்பினார்.

"இதை எங்க போடட்டும் தம்பி?"